மூடுபனியா, மாசுமூட்டமா? பிரித்தறிவதற்கான முழுமையான வழிகாட்டி

காலையில் கதவைத் திறக்கும்போது எதிரே வெள்ளையாக ஒன்று நிற்கிறது. அது நீர்த்துளிகளாலான மூடுபனியா, புகையும் நுண்துகளும் சேர்ந்த மாசுமூட்டமா என்பதைப் பலர் ஒரே பார்வையில் தீர்மானித்துவிடுகிறார்கள். பாதி நேரம் அந்தத் தீர்மானம் தவறாக இருக்கிறது. பல பருவங்களாக இதைப் பதிவு செய்து வருகிறேன், புதிதாக வருபவர்களுக்குக் கற்றும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் தவறுவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அன்று, வரிசை மாறிப்போவதால்தான்.

முதலில் கைப்பேசியில் காற்றுத் தர எண்ணைப் பார்க்கிறார்கள், பிறகு அந்த எண்ணுக்கு ஏற்றபடி கண் பார்க்கத் தொடங்குகிறது. கீழே உள்ள வரிசையில் ஈரப்பதம் முதலில் வருகிறது, துகள் எண் கடைசிக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. காரணத்தை அந்தந்த இடத்தில் விளக்கியிருக்கிறேன்.

1. முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய ஈரப்பதமானி ஒன்று, கைவிளக்கு ஒன்று, சுத்தமான கண்ணாடித் துண்டுகள் இரண்டு, மெல்லிய நைலான் நூல் கட்டிய ஒரு சாண் அளவுச் சட்டம், வெள்ளைத் தாள் ஒன்று, கறுப்புத் தாள் ஒன்று, சிறிது காய்ச்சி வடித்த நீர், கேமரா உள்ள கைப்பேசி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். துகள் சென்சார் இருந்தால் நல்லது, ஆனால் அது இல்லாமலும் இந்த வேலையைச் செய்ய முடியும்.

ஈரப்பதமானி கிடைக்காதவர்கள் ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளைப் பயன்படுத்தலாம். ஒன்றின் குமிழை ஈரமான மெல்லிய துணியால் சுற்றி, இரண்டின் மீதும் சில நிமிடங்கள் விசிற வேண்டும். ஈரம் ஆவியாகும்போது ஈரக்குமிழ் குளிர்வதால், காற்று வறண்டிருக்கும் அளவுக்கு இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகும். காற்று 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது வேறுபாடு 1 டிகிரி என்றால் ஈரப்பதம் ஏறக்குறைய 91 சதவீதம், 3 டிகிரி என்றால் ஏறக்குறைய 74 சதவீதம். வேறுபாடே இல்லையென்றால் காற்று நிறைவுற்றிருக்கிறது, அதாவது ஈரப்பதம் 100 சதவீதம் என்று பொருள்.

2. ஈரப்பதமானியை உப்பால் சரிபார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே மிகுதி. ஆனால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இந்த ஒரு கருவியைத்தான் நம்பியிருக்கின்றன. மலிவான ஈரப்பதமானிகள் ஐந்து சதவீதம் வரை தவறாகக் காட்டுவது சாதாரணம், சில கருவிகள் பத்து சதவீதம்கூடத் தவறும். 92 சதவீதத்தை 82 என்று காட்டும் கருவியை நம்பினால், மூடுபனியை மாசுமூட்டம் என்று எழுதிவிடுவோம்.

ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, சில துளி நீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது, கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். காற்றுப் புகாத டப்பாவுக்குள் அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, இரவு முழுவதும் வெயில் படாத இடத்தில் விட வேண்டும். நிறைவுற்ற உப்புக் கரைசல் தன்மேல் அடைபட்ட காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும், அறையின் வெப்பநிலை சற்று ஏறி இறங்கினாலும் அந்த அளவு பெரிதாக மாறாது.

காலையில் டப்பாவைத் திறக்காமலே எண்ணைப் படிக்க வேண்டும். 71 காட்டினால், இனி அந்தக் கருவியின் ஒவ்வொரு அளவோடும் நான்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்த எண்ணைக் கருவியின் முதுகில் ஒட்டிவைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதை மீண்டும் செய்வது நல்லது. 75 சதவீதம் என்பது அடுத்து வரும் படிகளில் நமக்கு மிகவும் தேவைப்படும் எல்லை என்பதால், கருவியைச் சரிபார்க்க இதைவிடப் பொருத்தமான புள்ளி வேறில்லை.

3. தொலைவுக் குறிகளைத் தெளிவான நாளில் தேர்ந்தெடுத்தல்

மூட்டம் வந்த பிறகு குறிகளைத் தேடினால் கிடைக்காது. எல்லாம் தெளிவாகத் தெரியும் ஒரு நாளில், நிற்கும் இடத்தை முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து ஏறக்குறைய 100 மீட்டர், 300 மீட்டர், 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் தொலைவுகளில் தெரியும் பொருள்களைக் குறித்து, தொலைவைக் கைப்பேசி வரைபடத்தில் அளந்து எழுதிவைக்க வேண்டும்.

குறிகள் கருமையாகவும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டும் இருக்க வேண்டும். அடர்ந்த மரம், நீர்த்தொட்டிக் கோபுரம், கரும்பாறை போன்றவை பொருந்தும். வெள்ளைச் சுவர் பொருந்தாது. ஏனென்றால் மூட்டம் பொருள்களை மறைப்பது கறுப்பை வெளுக்கச் செய்து, பின்னணியோடு கலக்கச் செய்வதன் மூலம்தான். ஏற்கெனவே வெளுத்திருக்கும் பொருள், மூட்டம் மெல்லியதாக இருக்கும்போதே மறைந்ததுபோலத் தோன்றும்.

4. முதல் அளவு: ஈரப்பதம்

மூட்டம் நிற்கும் காலையில் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் ஈரப்பதமானியை வெளியே வைக்க வேண்டும். நிழலில், தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில், சுவரை ஒட்டாமல், குறைந்தது இருபது நிமிடங்கள் அது இருக்க வேண்டும். அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கருவி அறையின் வெப்பத்தையும் தன்னோடு கொண்டுவருவதால் இவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

ஒருமுறை என்னுடன் வந்த இளைஞர் கருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நடந்தார். மரக்கிளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்த காலை அது. அவர் கையிலிருந்த கருவியோ 78 சதவீதம் என்று காட்டியது, அவரும் நம்பிக்கையோடு ‘மாசுமூட்டம்’ என்று எழுதிவிட்டார். கருவியை வாங்கிக் கிளையில் தொங்கவிட்டோம். கால் மணி நேரத்தில் எண் 97-ஐத் தொட்டது. காற்றைச் சில டிகிரி சூடாக்கினாலே ஒப்பு ஈரப்பதம் பத்துப் பதினைந்து சதவீதம் சரிந்துவிடும், உள்ளங்கைச் சூடு அதற்குப் போதும்.

எண் நிலைத்த பிறகு இவ்வாறு படிக்க வேண்டும். 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நீர்த்துளிகள் இருப்பதற்கு முழு வாய்ப்பு உண்டு. 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கண்முன் நிற்பது மூடுபனி அன்று, அந்த வறட்சியில் நீர்த்துளிகள் நிலைக்காமல் ஆவியாகிவிடும். அங்கே விசாரணை முடிந்தது, அது புகை, புழுதி, அல்லது தொழிற்சாலை, வாகன மாசு.

75-க்கும் 95-க்கும் இடையில் இருப்பதுதான் கடினமான பகுதி. வளிமண்டலத்தில் உள்ள சல்ஃபேட், நைட்ரேட் உப்புத் துகள்கள் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றின் ஈரத்தை உறிஞ்சி அளவில் பெருக்கின்றன. பெருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். எனவே மாசின் அளவு மாறாமலே மூட்டம் அடர்த்தியாகவும் வெள்ளையாகவும் தோன்றும். இந்த இடைவெளியில் எண் விழுந்தால் அவசரப்படாமல் அடுத்த படிகள் அனைத்தையும் செய்ய வேண்டும்.

வானிலை அறிக்கையில் பனிநிலை வெப்பம், அதாவது குளிரும் காற்று நிறைவுறும் வெப்பநிலை, கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் பார்க்கலாம். காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலை வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு இரண்டரை டிகிரிக்குள் இருக்கும்போதுதான் மூடுபனி பொதுவாக உருவாகிறது. ஆறு, ஏழு டிகிரி வேறுபாடு இருந்தால் நீர்த்துளிகளுக்கு அங்கே வேலையில்லை.

5. பார்வைத் தொலைவை அளத்தல்

ஏற்கெனவே எழுதிவைத்த குறிகளில் எது வரை தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நீர்த்துளிகளால் பார்வை 1 கிலோமீட்டருக்குக் கீழே குறைந்தால் மட்டுமே உலக வானிலை வழக்கில் அதற்கு மூடுபனி என்று பெயர். 1 முதல் 5 கிலோமீட்டர் வரை தெரிந்தால் அது மென்பனி. விமான நிலைய வானிலை அறிக்கைகளில் இவற்றுக்கும் வறண்ட துகள் மூட்டத்துக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அருகில் விமான நிலையம் இருந்தால் அந்த அறிக்கை நமது முடிவைச் சோதித்துப் பார்க்க உதவும்.

காட்டுத்தீப் புகை, புழுதிப் புயல் போன்ற கடுமையான நிலைகளைத் தவிர, வறண்ட துகள்கள் மட்டுமே பார்வையை நூறு மீட்டருக்குக் குறைப்பது அரிது. ஆகவே எதிர்வீடே தெரியவில்லை என்றால் நீர்த்துளிகள் அங்கே உண்டு என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் நீர்த்துளி இருப்பதாலேயே மாசு இல்லை என்று ஆகிவிடாது. இந்தத் தாவலைத்தான் பலர் செய்கிறார்கள்.

மூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். மூடுபனி திட்டுத் திட்டாக இருக்கும், பள்ளத்தில் அடர்ந்து மேட்டில் மெலியும், சில நிமிடங்களில் அடர்த்தி மாறும். மாசுமூட்டம் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் ஒரே சீராக, தொலைவு கூடக்கூட மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகும்.

6. நிறத்தை மூன்று திசைகளில் பார்த்தல்

நிறத்தைப் பார்க்கும் முன் அதன் காரணம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. மூடுபனித் துளிகளில் பெரும்பாலானவை சில மைக்ரோமீட்டர் முதல் இருபது மைக்ரோமீட்டர் வரை விட்டம் உள்ளவை, அதாவது அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் வெண்மையாகவோ சாம்பல் வெண்மையாகவோ தெரிகின்றன.

மாசுமூட்டத்தில் ஒளியை அதிகம் சிதறடிக்கும் துகள்கள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. அவை நீல ஒளியை மிகுதியாகச் சிதறடித்து, மஞ்சளையும் சிவப்பையும் நேராகச் செல்லவிடும். இதனால் ஒரே மூட்டம் பார்க்கும் திசையைப் பொறுத்து வேறு நிறம் காட்டும். நைட்ரஜன் டை ஆக்ஸைடு வாயுவும் கரித்துகளும் சேர்ந்திருந்தால் பழுப்பு நிறம் கூடும்.

எனவே முதலில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, தொலைவில் உள்ள கரும்பொருளைப் பார்க்க வேண்டும். அதன்மேல் மெல்லிய நீலப் படலம் போர்த்தியதுபோல் இருந்தால் நுண்துகள்கள் உண்டு. அடுத்து, சூரியனை நேராகப் பார்க்காமல், அது இருக்கும் பக்கத்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் அதே முடிவு வலுப்படும். கடைசியாகத் தலைக்கு நேர்மேலே பார்க்க வேண்டும். இரவில் தரை குளிர்ந்து உண்டாகும் மூடுபனி பெரும்பாலும் ஆழம் குறைந்தது என்பதால், சுற்றிலும் ஒன்றும் தெரியாதபோதும் உச்சியில் நீல வானம் தெரிவது வழக்கம். மாசுமூட்டத்திலோ உச்சி வானமும் பால் கலந்ததுபோல் மங்கியிருக்கும்.

சூரிய உதயத்தையொட்டி இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அந்த நேரத்து ஒளி எல்லாவற்றையும் செம்மையாக்கும். கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அது வானத்தில் ஏறக்குறைய பத்து டிகிரியை மறைக்கும். சூரியன் அடிவானத்திலிருந்து அப்படி இரண்டு முட்டி உயரம் ஏறிய பிறகும் ஆரஞ்சாகவே இருந்தால் காரணம் துகள்கள்தாம். மெல்லிய மூடுபனியின் வழியே சூரியன் நிலவைப்போல் வெள்ளைத் தட்டாகத் தெரியும்.

படம் எடுக்கும்போது கைப்பேசியின் தானியங்கி வண்ணச் சமநிலையை நிறுத்தி, பகல் ஒளி என்ற நிலையில் வைக்க வேண்டும். தானியங்கியாக விட்டால் கேமரா பழுப்பைத் திருத்தி வெள்ளையாக்கிவிடும், நாம் தேடும் தடயத்தை அதுவே அழித்துவிடும். படத்தின் ஓரத்தில் வெள்ளைத் தாளும் விழும்படி எடுத்தால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

சில காலைகளில் ஓர் அரிய உறுதியான சான்றும் கிடைக்கும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, எதிரே மூட்டத்தின்மீது நிறமற்ற அகன்ற வெள்ளை வில் ஒன்று தெரிந்தால் அது பனிவில். வானவில்லைப் போலவே அதுவும் நீர்த்துளிகளால் மட்டுமே உண்டாகும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது குறிப்பேட்டை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

7. இருட்டில் கைவிளக்குச் சோதனை

விடிவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். கைவிளக்கை உடலிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்து, ஒளிக்கற்றையைப் பக்கவாட்டிலிருந்து, இருண்ட பின்னணிக்கு எதிராகப் பார்க்க வேண்டும். மூடுபனியில் கற்றை வெள்ளைத் தூண்போலத் திரண்டு தெரியும். கண்ணை அருகில் கொண்டுபோனால் எண்ணற்ற மிகச் சிறு மணிகள் மின்னியபடி ஒரே திசையில் மிதந்து செல்வதைக் காணலாம்.

மாசுமூட்டத்தில் கற்றை மங்கலாக, மணிகளற்ற சீரான புகைப்படலமாகத் தெரியும். இடையிடையே ஒன்றிரண்டு பெரிய தூசுகள் தனித்தனியாக மின்னி மறையும்.

தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூக்குக் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தாலும் அதே வட்டம் தெரியும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும்.

8. ஈரப் படிவையும் எச்சத்தையும் பார்த்தல்

புல் நனைந்திருக்கிறது, வண்டியின் கூரை நனைந்திருக்கிறது, ஆகவே மூடுபனி என்று சொல்வது மிகப் பரவலான பிழை. தெளிந்த வானத்தின் கீழ் இரவில் வெப்பத்தை இழந்து குளிரும் எந்தப் பரப்பிலும் பனித்துளி உண்டாகும், அதற்கு மூட்டமே தேவையில்லை. மாசுமூட்டம் நிறைந்த காலையிலும் புல் நனைந்திருக்கலாம்.

இரண்டையும் பிரிக்க நூல் கட்டிய சட்டம் உதவுகிறது. அதைத் தாழ்வாரத்தின் அடியிலோ விரித்த குடையின் கீழோ, காற்று வரும் திசையை நோக்கிச் செங்குத்தாக வைக்க வேண்டும். மேலே மறைப்பு இருப்பதால் நூல் வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்காது, பனித்துளி எளிதில் உண்டாகாது. மிதந்து வரும் மூடுபனித் துளிகள் மட்டுமே நூலில் மோதி ஒட்டும். அரை மணி நேரத்தில் நூலின் காற்றுப் பக்கத்தில் முத்துக் கோத்ததுபோல் துளிகள் வரிசையாக நின்றால் அது மூடுபனி. காற்றே அசையாத நேரத்தில் துளிகள் வந்து மோதாது என்பதால், சட்டத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு சில நிமிடங்கள் நடக்க வேண்டும்.

அத்துளிகளை வீணாக்க வேண்டாம். சட்டத்தைத் தட்டி ஒன்றிரண்டைச் சுத்தமான கண்ணாடித் துண்டில் விழச் செய்து, அருகிலேயே காய்ச்சி வடித்த நீரின் துளி ஒன்றையும் இட்டு, இரண்டையும் மூடிவைத்து உலரவிட வேண்டும். உலர்ந்த பிறகு கறுப்புத் தாளின் மேலும் வெள்ளைத் தாளின் மேலும் வைத்துப் பார்த்தால், மாசு கலந்த துளி சாம்பல் நிற வளையத்தை விட்டுச் சென்றிருக்கும். தூய மூடுபனியின் எச்சம் ஒப்பீட்டுத் துளியின் எச்சத்தைப் போலவே மெல்லியதாக இருக்கும். நூல் ஏற்கெனவே தூசு படிந்ததாக இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். முந்தைய நாளே நூலை அலசி உலர்த்தி, உறையிட்டு வைக்க வேண்டும்.

ஒரு தட்டை வெளியே வைத்து, அதில் தூசு படியவில்லை, எனவே காற்று சுத்தம் என்று சொல்வதும் தவறு. ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் அசையாத காற்றில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். நுரையீரலுக்குள் ஆழமாகச் செல்லும் நுண்துகள்கள் தட்டில் வந்து உட்காருவதில்லை.

9. துகள் சென்சாரின் எண்ணை இப்போது பார்க்கலாம்

வீடுகளில் பயன்படும் சிறிய சென்சார்கள் லேசர் ஒளியைச் செலுத்தி, சிதறி வரும் ஒளியைக் கொண்டு துகள்களைக் கணக்கிடுகின்றன. சிதறடித்தது கரித்துகளா, நீர்த்துளியா, ஈரத்தில் பெருத்த உப்புத் துகளா என்று அவற்றுக்குத் தெரியாது. ஈரப்பதம் 80, 85 சதவீதத்தைத் தாண்டும்போது பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள நுண்துகள்கள்) அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டப்படுவது இதனால்தான். இந்த எண்ணை முதலில் பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுவே.

தரமான கண்காணிப்பு நிலையங்களில் உள்ள கருவிகள் பலவற்றில், உள்ளிழுத்த காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே துகள்கள் அளக்கப்படுகின்றன. எனவே அருகிலுள்ள அத்தகைய நிலையத்தின் எண்ணையும் வீட்டுச் சென்சாரின் எண்ணையும் அருகருகே எழுத வேண்டும். வீட்டுச் சென்சார் மட்டும் எகிறி, நிலையத்தின் எண் அமைதியாக இருந்தால் ஈரம்தான் எண்ணை ஏற்றியிருக்கிறது. இரண்டும் ஏறியிருந்தால் மாசு உண்மை.

கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்ஸைடு அளவுகளையும் அதே நிலையத்தில் பார்ப்பது பயனுள்ளது. மூடுபனித் துளிகள் இவ்வாயுக்களை உண்டாக்குவதில்லை. துகள் எண்ணோடு இவையும் சேர்ந்து உயர்ந்திருந்தால், எங்கோ எரிந்த ஒன்றின் புகை கலந்திருக்கிறது. பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்கள்) மிக அதிகமாகவும் பி.எம். 2.5 அதில் சிறு பங்காகவும் இருந்தால் புழுதியாக இருக்கும். புகையில் பெரும்பங்கு பி.எம். 2.5 ஆகவே இருக்கும்.

செயலிகளில் தெரியும் காற்றுத் தரக் குறியீடு பல இடங்களில் 24 மணி நேரச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. இந்த நிமிடம் கண்முன் நிற்கும் மூட்டத்தைப் பற்றி அது பேசுவதில்லை. மணிக்கணக்கான அளவைத் தேடி எடுக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவு, பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்பதால், ஒப்பிடுவதற்கு அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

10. கலைவது வரை காத்திருத்தல்

இதுவரை செய்தவை அனைத்தும் சந்தேகத்தைக் குறைக்கும், சந்தேகத்தைத் தீர்ப்பது இந்தப் படிதான். ஒரே இடத்திலிருந்து, ஒரே திசையில், அரை மணி நேரத்துக்கு ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு படத்தோடும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் எழுத வேண்டும்.

காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 11 டிகிரி உயர்ந்தால், அதே நீராவி அளவுக்கு ஒப்பு ஈரப்பதம் பாதியாகக் குறையும். விடியலில் 10 டிகிரியில் நிறைவுற்றிருந்த காற்று 21 டிகிரியை அடையும்போது ஈரப்பதம் 50 சதவீதத்தையொட்டி இருக்கும், அந்த நிலையில் மூடுபனித் துளி ஒன்றுகூட மிஞ்சாது. எனவே ஈரப்பதம் 70-க்குக் கீழே இறங்கிய பிறகும் 5 கிலோமீட்டர் குறி தெரியவில்லை என்றால், மிஞ்சி நிற்பது முழுவதும் மாசுமூட்டம். இதைவிட எளிய, இதைவிட உறுதியான சோதனையை நான் அறியேன்.

கலையும் விதமும் வேறுபடும். மூடுபனி ஓரங்களிலிருந்து உடையும், அல்லது தரையைவிட்டு எழும்பித் தாழ்ந்த மேகமாக மாறும், தெளிவு சட்டென்று வரும். மாசுமூட்டம் தரைக்காற்று மேலேறிக் கலக்கும் வேகத்துக்கு ஏற்ப மெதுவாக நீர்த்துப்போகும். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து வேதிவினையால் உண்டாகும் மூட்டமோ நண்பகலுக்குப் பிறகு இன்னும் அடரும், மூடுபனி அப்படிச் செய்வதில்லை.

ஆனால் ‘பத்து மணிக்குள் கலைந்தால் மூடுபனி, கலையாவிட்டால் மாசு’ என்று கடிகாரத்தை மட்டும் வைத்து விதி எழுதக் கூடாது. மேலே மேகம் மூடியிருந்தால் குளிர்காலத்தில் மூடுபனி நாள் முழுவதும் நிற்கும். குளிர்ந்த கடற்பரப்பின்மேல் ஈரக்காற்று நகர்ந்து வரும் இடங்களில் நண்பகலிலும் மூடுபனி கரையேறும். கடிகாரத்தைவிட ஈரப்பதமானிதான் நம்பத்தக்கது.

வசதி இருந்தால் அன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பார்க்கலாம். நாசாவின் வேர்ல்டுவியூ இணையதளத்தில் இயல்பு வண்ணப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூடுபனி அதில் கூர்மையான விளிம்போடு பளிச்சென்ற வெள்ளையாக, பள்ளத்தாக்குகளின் வடிவத்தைப் பின்பற்றித் தெரியும். மாசுமூட்டம் அடியில் உள்ள நிலம் ஊடே தெரியும்படி சாம்பல் திரையாகப் பரந்திருக்கும்.

11. இரண்டும் கலந்திருக்கும்போது

புதியவர்கள் ஒற்றைச் சொல்லில் விடை தேடுகிறார்கள். பல காலைகளில் உண்மையான விடை ‘இரண்டும்’ என்பதே. காற்று அசையாத, மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்து கீழுள்ள குளிர்காற்றை அடைத்துவைக்கும் இரவுகள், மூடுபனி உண்டாவதற்கும் புகை தேங்குவதற்கும் ஒரே சமயத்தில் ஏற்றவையாக இருக்கின்றன. துகள்கள் மிகுந்தால் நீராவி படிவதற்குக் கருக்களும் மிகும், துளிகள் எண்ணிக்கையில் கூடி அளவில் சிறுத்து மூட்டத்தை அடர்த்தியாக்கும்.

இந்தக் கலப்பை வெறும் பனி என்று எழுதுவது ஆபத்தான பிழை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நின்றது மூடுபனியும் நிலக்கரிப் புகையும் கலந்த மூட்டம். அதில் சல்ஃபர் டை ஆக்ஸைடு நீர்த்துளிகளில் கரைந்து அமிலமானது. உயிரிழந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் என்று முதலில் கணக்கிடப்பட்டது, பிந்தைய ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை உயர்த்தின. ஈரம் இருப்பது மாசைக் கழுவிவிடும் என்று எண்ணுபவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

கலப்பை அடையாளம் காண, ஈரப்பதம் 95-க்கு மேல், நூலில் துளிகள், உலர்ந்த துளியில் சாம்பல் வளையம், நிலையத்தின் துகள் எண்ணும் வாயு எண்ணும் உயர்வு, துளிகள் கலைந்த பிறகும் மிஞ்சும் பழுப்புத் திரை ஆகியவற்றில் முதல் இரண்டோடு கடைசி மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூக்கை நம்ப வேண்டாம். புகை நாற்றம் முதல் சில நிமிடங்களில் தெரியும், பிறகு மூக்கு அதற்குப் பழகிவிடும். வீட்டிலிருந்து வெளியே வந்த முதல் மூச்சில் தோன்றியதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

12. முடிவை எழுதுதலும் அதன்படி நடத்தலும்

குறிப்பேட்டில் நாள், நேரம், வெப்பநிலை, திருத்திய ஈரப்பதம், தெரிந்த கடைசிக் குறி, மூன்று திசை நிறம், நூலின் நிலை, இரு துகள் எண்கள், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிய பிறகே முடிவை எழுத வேண்டும். முடிவை முதலில் எழுதிவிட்டால், மற்றவற்றை அதற்குத் தகுந்தாற்போல் எழுதும் பழக்கம் நமக்கே தெரியாமல் வந்துவிடும். ‘மூடுபனி’, ‘மாசுமூட்டம்’, ‘கலப்பு’, ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்ற நான்கில் ஒன்றை எழுதலாம். நான்காவதை எழுதத் தயங்க வேண்டாம்.

விடியற்காலையில் தீர்மானம் எட்டாதபோது, உடற்பயிற்சிக்கு வெளியே செல்வோரும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைக் கலப்பு என்றே எண்ணிச் செயல்படுவது பாதுகாப்பானது. துணி முகக்கவசம் நுண்துகளுக்குப் போதாது, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 வகை வேண்டும். அதுவும் துகள்களைத்தான் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. ஈரத்தில் நனைந்துவிட்டால் மூச்சிழுப்பது கடினமாகும் என்பதால் உலர்ந்த மாற்றுக் கவசம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தை ஒத்திப்போட முடிந்தால், ஈரப்பதம் 70-க்குக் கீழே இறங்கி 5 கிலோமீட்டர் குறி கண்ணுக்குத் தெரியும் வரை ஒத்திப்போடலாம்.